சுண்டுவிரலுக்கு இடமில்லை

மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை...

ஏப்ரல் மாதத்து மழை. வீதியோரத்தில் கறுத்துப்போய்க் கிடந்த கடைசிப் பனிக்குவியலையும் கரைத்துக்கொண்டு பெய்தது. ஜோன்-தலோன் மெட்ரோ ரயில் நிலையத்தில் இறங்கி, குடையை மறந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு ஓடிவந்த சாருஜா, பழைய கமெராக்கள் விற்கும் அந்தச் சின்னக் கடைக்குள் நுழைந்தபோது, கன்னத்தில் ஒட்டியிருந்த முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் நரைத்த மீசைக்குள் சிரித்து "பொன்ஜூர்" என்றார். அவள் பதிலுக்கு ஒரு "பொன்ஜூர்" சொன்னாளே தவிர, கண் அங்கே இல்லை. சுவரோரத் தட்டில் அது இருந்தது. இணையத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கிய அந்தச் சின்னக் கமெரா. கறுப்பு உடம்பு, வெள்ளி விளிம்பு, பணியாரம் போலத் தட்டையான ஒரு லென்ஸ். கோட்டுப் பைக்குள் போட்டால் இருக்கிறதே தெரியாது...

கையை நீட்டினாள்.

அவளுடைய தலைக்கு மேலால் இன்னொரு கை வந்தது. நீண்ட கை. எந்தச் சிரமமும் இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனது.

சட்டென்று திரும்பினாள். ஒரு நீல மழைக்கோட்டின் பொத்தான்தான் முதலில் தெரிந்தது. அண்ணாந்தால்தான் முகம்.

"பனைமரம் மாதிரி வந்து நிக்குது... மனுசரைக் கண் தெரியாதோ?" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

பனைமரம் குனிந்தது.

"தெரியுதுங்க. கொஞ்சம் கீழ பார்த்தாதான் தெரியுது."

ஐயோ... தமிழ்!

மழையில் குளிர்ந்திருந்த கன்னம் ஒரு நொடியில் சுட்டது. அவனுடைய கண்களில் கோபம் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கண்களைப் போல, ஒரு வகையான தெளிவு. அந்தக் கண்களின் ஓரத்தில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"சொறி... நான் வேற ஆர் எண்டு..."

"பரவால்லைங்க. பனைமரம்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. ஒட்டடைக் குச்சின்னுதான் சொல்லியிருக்காங்க." அவன் கமெராவை அவளிடம் நீட்டினான். "நீங்கதான் முதல்ல கை நீட்டினீங்க. வெச்சுக்கோங்க. எனக்கு இந்தக் கேமரா எப்படியும் சரிப்பட்டு வராது."

"ஏன்? கமெராவுக்கு என்ன குறை?"

"கேமராவுக்குக் குறை இல்ல. எனக்குத்தான் கை பெருசு." பிடித்துக் காட்டினான். மூன்று விரல்கள்தான் உட்கார்ந்தன. நான்காவது கீழே அந்தரத்தில் தொங்கியது. "பாருங்க, சுண்டுவிரலுக்கு இடமில்ல. அரைமணி நேரம் இப்படிப் புடிச்சா விரல் மரத்துப்போயிடும்."

அவள் வாங்கிப் பிடித்தாள். நான்கு விரல்களும் தங்கள் தங்கள் இடத்தைத் தெரிந்துகொண்டு போய் அமர்ந்தன. பெருவிரல் பின்பக்கத்து மேட்டில் படிந்தது. சுட்டுவிரல் தானாகப் பொத்தானில் நின்றது... இவ்வளவு காலமும் இந்தக் கமெரா எங்கே இருந்தது?

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் வாயைப் பிளந்துகொண்டு!

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே... உங்க கையைக் கொஞ்சம் இரவல் தருவீங்களா?"

"கையையோ?"

"ஐயய்யோ, கையைப் புடிக்கக் கேக்கலைங்க! கையில புடிக்கத்தான்... கேமராவைப் புடிக்க..." வார்த்தைகள் ஒன்றில் ஒன்று தடுக்கி விழுந்தன. தமிழ் தெரியாத கடைக்காரருக்கே ஏதோ விளங்கிவிட்டது. மீசைக்குள் சிரித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

அவன் பெயர் சூர்யபிரகாஷ். திருச்சிக்காரன். சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினி வேலை. ஓய்வு நேரத்தில் மிரர்லெஸ் கமெராக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தமிழில் வீடியோ போடுவான். படத்தின் தரத்தைப் பற்றி எல்லாரும்தான் பேசுகிறார்கள். அவன் பேசுவது பருமனையும் பாரத்தையும் பற்றி. கையில் எப்படி உட்காருகிறது, பிடி வழுக்குகிறதா, பார்க்காமலே விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கிறதா என்பதைப் பற்றி.

"போன மாசம் ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. 'தம்பி, உன் கைக்கு எல்லாமே சின்னதுதான். எங்க கைக்கு எது சரின்னு யார் சொல்றது?'ன்னு. அதுலேர்ந்து ஒரு சின்னக் கையைத் தேடிட்டிருக்கேன்."

சாருஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முகம் வராதெண்டால் ஓம்."

"வராது."

* * *

அவளுக்கு வார நாட்களில் கோட்-டெ-நெய்ஜில் உள்ள ஒரு கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் சின்னப் பிள்ளைகளைத் தூக்குவதும் இறக்குவதும் மூக்குத் துடைப்பதுமாகப் பகல் போய்விடும். சனிக்கிழமைகளில் அண்ணனோடு கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் எடுக்கப் போவாள்.

அண்ணன் கீர்த்திகன், வில்லரேயில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே ஸ்ரூடியோ வைத்திருந்தான். கிட்டங்கியில் பெட்டி தூக்கிக்கொண்டே தானாகப் படம் எடுக்கப் பழகி மேலே வந்தவன். அவனுக்கு ஒரு கொள்கை. கலியாணவீட்டுக்குப் பெரிய கமெராவோடுதான் போக வேண்டும். நீளமான லென்ஸ் வேண்டும். "விளையாட்டுச் சாமானோட போய் நிண்டால் சனம் எங்களை மதிக்குமோ?" என்பான். அதனால் அந்தச் சின்னக் கமெரா அவளுடைய கைப்பைக்குள் ஒளிந்தே இருந்தது.

ஞாயிறு காலைகள் மட்டும் மாறிப்போயின...

ஜோன்-தலோன் சந்தையில், மேப்பிள் பாகு விற்கும் கடை ஓரமாக, ஒரு கையில் சின்னதும் மறு கையில் பெரியதுமாக அவள் நிற்பாள். அவன் அவளுடைய மணிக்கட்டு வரைதான் படமெடுப்பான். மவுன்ட் றோயல் மலையேற்றத்தில் கழுத்தில் எது அதிகம் அறுக்கிறது? மெட்ரோக் கூட்டத்தில் ஒற்றைக் கையால் எதை எடுக்கலாம்? மே மாதம் பிறந்தும் திடீரென்று குளிர் திரும்பிய ஒரு காலையில், கையுறையோடு பிடித்துப் பார்த்தார்கள்.

"இஞ்ச பாருங்கோ, சின்னனிலை பொத்தான் எல்லாம் ஒண்டோட ஒண்டு நெருக்கம். ஒண்டை அமத்தினால் ரெண்டு வேலை செய்யுது!"

"அப்போ குளிருக்குப் பெருசுதான் ஜெயிக்குது."

"வெல்லட்டும், வெல்லட்டும். ஆனா தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கோ பாப்பம்."

அவன் 'வெயிட்' என்றால் அவள் 'பாரம்' என்பாள். அவன் 'கேமரா' என்றால் அவள் 'கமெரா'. பார்வையாளர்கள் அந்த முகமில்லாத குரலுக்காகவே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னான். நீங்கள்...? என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கண்ணைப் பார்க்காதே சாருஜா, லென்ஸைப் பார்...

ஜூன் மாத முதல் ஞாயிறு. சந்தை ஓரத்துக் கோப்பிக் கடையில் கடைசி ஒப்பீடு. பெரிய கமெராவில் நீண்ட லென்ஸைப் பூட்டி அவள் தூக்கினாள். முன்பக்கம் இழுத்தது. மணிக்கட்டுக்குள் ஊசி போல ஒரு நோவு ஓடியது. கமெராவை மேசையில் வைத்துவிட்டு, இடது பெருவிரலால் வலது மணிக்கட்டை அழுத்தினாள்.

"வலிக்குதா?" அவன் குரல் தாழ்ந்திருந்தது. "முதல் நாளே பார்த்தேன். கடையில என்னோட பெரிய கேமராவைப் புடிச்சுப் பார்க்கக் குடுத்தப்போ இடது கைக்கு மாத்திக்கிட்டீங்க."

பொய் சொல்ல முடியவில்லை. "குளிர்காலத்தில இருந்து நோகுது. பகல் பிள்ளையளைத் தூக்கிறது... சனிக்கிழமை உந்தப் பெரிய கமெரா. ஆனா இதைப் போடாதேங்கோ. அண்ணைக்குத் தெரியக்கூடாது. வாற கிழமை என்ர சிநேகிதி லக்சனாவின்ர கலியாணம். முதல் முதலா முழுக் கலியாணத்தையும் நான்தான் எடுக்கப்போறன். தெரிஞ்சால் விடமாட்டார்."

"போட மாட்டேன். சத்தியமா."

* * *

புதன்கிழமை வேலை முடிந்து ஸ்ரூடியோப் படியேறியபோது, கீர்த்திகன் கணினியின் முன் அசையாமல் இருந்தான். திரையில் அவளுடைய கை.

சூர்யபிரகாஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் இருந்தான். நோவைப் பற்றி அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் அந்தக் காட்சி இருந்தது. பெரிய கமெராவை மேசையில் வைக்கும் கை. மணிக்கட்டை அழுத்தும் பெருவிரல். அதன்மேல் ஒரு வரி: 'பெரிய கேமராவோட உண்மையான எடை இதுதான்.'

"இது நான் இல்லை அண்ணை..." என்று தொடங்கினாள்.

"உந்தக் கையைப் பிடிச்சுத்தான் நான் உன்னைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனனான். எனக்குத் தெரியாதோ?" கீர்த்திகன் திரும்பவில்லை. "வீடியோ பாக்கிற சனம் முழுக்க உன்ர கைக்காகக் கவலைப்படுது. 'அக்கா வைத்தியரிட்டைப் போங்கோ' எண்டு ஆரோ ஒருத்தி எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு மனம் வரேல்லை. நான் அவ்வளவு பொல்லாதவனோ, சாரு?"

"சொன்னால் என்னை விடமாட்டியள்..."

"ஓம். விடமாட்டன். லக்சனாவின்ர கலியாணத்துக்கு நீ விருந்தாளியா வா. படம் எடுக்க வேண்டாம்."

அவன் எழுந்து பெரிய கமெராவை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினான். கோபத்தில் பூட்டுகிறவனின் கை இல்லை அது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அன்று மாலையே மெட்ரோ வாசலில் சூர்யபிரகாஷைச் சந்தித்தாள். ஓடிவந்திருந்தான். மூச்சிரைத்தது.

"நான் குரலை எடுத்துட்டேன் சாருஜா. முகமும் வரலை. யாருக்கும் தெரியாதுன்னு..."

"அழகா ஒரு வரி எழுதக் கிடைச்சுது. அதுக்காக என்ர நோவைப் போட்டிட்டீங்கள்."

அவள் தன் வலது கையை அவன் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"உங்களுக்கு நான் ஒரு அளவான கை. அவ்வளவுதான். பெரிசுக்கும் சின்னனுக்கும் நடுவில வைச்சுப் பாக்கிற ஒரு கை..."

அவன் ஏதும் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள். ரயில் வந்தது. ஏறினாள். எந்தப் பக்கம் போகிற ரயில் என்று இரண்டு நிலையம் தாண்டித்தான் பார்த்தாள்.

இரவு அந்த வீடியோ இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டிருந்தான். 'மன்னிச்சிடுங்க' என்று ஒரே ஒரு செய்தி. அவள் பதில் எழுதவில்லை. நாலைந்து தடவை எழுதி அழித்தாள் என்பது வேறு விஷயம்...

* * *

லக்சனாவின் கலியாண மண்டபத்துக்குள் மயில் கழுத்து நிறச் சேலையோடு நுழைந்தவள், மணவறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மேளகாரர்களுக்கும் பூச்சாடிகளுக்கும் நடுவே ஒரு பனைமரம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கீர்த்திகனின் பெரிய கமெரா. முகம் முழுக்க வியர்வை.

"அண்ணை, இவர் இஞ்ச என்ன செய்யிறார்?"

கீர்த்திகன் தன் இன்னொரு கமெராவின் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "வியாழக்கிழமை ஸ்ரூடியோவுக்கு வந்தவர். வாசலில நிண்டு, 'பிழை என்னுடையது, உங்க தங்கச்சி மேல கோபப்படாதீங்க' எண்டார். மன்னிப்புக் கேட்டால் கலியாணத்துக்கு ஆர் படம் எடுக்கிறது எண்டு கேட்டன். தான் வாறன் எண்டார்." பெருமூச்சு விட்டான். "கமெராவைப் பற்றி அந்த மனுசனுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை. ஆனா படம்... கடவுளே! எல்லாரும் கடவுச்சீட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கினம்."

உண்மைதான். அவன் அந்த நீண்ட லென்ஸைத் திருப்பியதும் சிரித்துக்கொண்டிருந்த மாமிமார் வாயை மூடினார்கள். பிள்ளைகள் தாயின் பின்னால் ஒளிந்தார்கள். அவனும் அவர்களைப் போலவே விறைத்து நின்றான். சாருஜாவைக் கண்டதும் கமெரா ஒருமுறை தடுமாறியது. சிரிக்க முயன்று, தோற்று, தலையைக் குனிந்தான்.

பாவம் என்று நினைக்கக்கூடாது. நினைக்கவே கூடாது...

கன்னிகாதானம் தொடங்கியது. ஐயர் மந்திரம் சொல்ல, லக்சனாவின் அப்பா மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். தாய் நீர் வார்த்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. கீர்த்திகன் மாப்பிள்ளையின் பக்கம் நின்றான். சூர்யபிரகாஷ் மணவறைத் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அந்தப் பெரிய லென்ஸை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் தவித்தான்.

சடங்கு முடிந்தது. எல்லாருடைய கண்ணும் கூறைச் சேலைத் தட்டின் பக்கம் திரும்பியது. சாருஜா மட்டும் பார்த்தாள். லக்சனாவின் அப்பா நீர் சொட்டும் கையை நீட்டியபடியே நின்றார். மகளைக் கொடுத்துவிட்ட கை. எங்கே துடைப்பது என்று அதற்குத் தெரியவில்லை...

அவளுக்கே தெரியாமல் கைப்பை திறந்தது. சின்னக் கமெரா கைக்குள் வந்தது. மணிக்கட்டில் நோவில்லை, பாரமில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மணவறை ஓரத்தில் முழங்காலில் இருந்தாள். அவ்வளவு கிட்டத்தில் போயும் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. லக்சனா திரும்பினாள். அப்பாவின் கையைக் கண்டாள். ஒன்றும் பேசாமல் தன் முந்தானையை எடுத்து, ஒரு குழந்தையின் கையைத் துடைப்பதுபோல, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். அப்பா அழுதார்.

சத்தமே வராமல் கமெராவுக்குள் படம் பதிந்தது.

நிமிர்ந்தபோது அண்ணன் எதிரே நின்றான். சின்னக் கமெராவைப் பார்த்தான். கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். திரையில் தெரிந்த படத்தை நெடுநேரம் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"இந்த விளையாட்டுச் சாமான் எவ்வளவு காலமா உன்னட்டை இருக்கு?"

"ஏப்ரல்ல இருந்து..."

"எத்தனை விசயத்தைத்தான் எனக்கு ஒளிப்பாய்?" கமெராவைத் திருப்பி அவளுடைய கைக்குள் வைத்தான். "போ. மிச்சக் கலியாணத்தையும் நீயே எடு. தூரத்துப் படங்களை நான் பாத்துக்கொள்ளுறன். திங்கக்கிழமை வைத்தியரிட்டைப் போறம். அதுக்கு மறுப்புச் சொல்லக்கூடாது."

"ஓம் அண்ணை." கண்ணீருக்குள் சிரித்தாள்.

* * *

பந்தி நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. மண்டபத்தின் பின்வாசல் கூரைக்குக் கீழே, சுவரோடு சாய்ந்து அவன் தனியாக நின்றான். வாகனத் தரிப்பிடத்தில் குழி குழியாகத் தேங்கிய நீரில் மழைத்துளிகள் வட்டம் வட்டமாக விரிந்தன.

சாருஜா கொஞ்சம் தள்ளி வந்து நின்றாள்.

"படம் எல்லாம் எப்பிடி வந்தது?"

"ரொம்ப மோசங்க. மாப்பிள்ளையோட அம்மா எல்லாப் படத்துலயும் கண்ணை மூடியிருக்காங்க." சிரிக்காமல் தொடர்ந்தான். "சாருஜா, அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. உங்க வலியைச் சொல்றதும் சொல்லாம இருக்கறதும் உங்க இஷ்டம். குரலை எடுத்துட்டா போதும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். அந்த வரி நல்லா வந்திருக்குன்னு ஒரு ஆசை."

அவன் காரணம் சொல்லாமல் ஒப்புக்கொண்டது அவளுடைய கோபத்தைச் சாய்த்துவிட்டது. அவள் ஒரு அடி கிட்ட வந்தபோது கதவு திறந்தது. கீர்த்திகன். கையில் பெரிய கமெரா. திரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"தம்பி, ஒரு சந்தேகம். இண்டைக்குக் கலியாணம் ஆருக்கு?"

"லக்சனாவுக்கு..."

"அப்ப ஏன் பொம்பிளையை விட என்ர தங்கச்சியின்ர படம் இதில கூடக் கிடக்கு? குனியிறாள், நிமிருறாள், சேலையைத் தூக்கிச் செருகிறாள்... அதிசயம் என்னண்டால், இதுகள் மட்டும் வடிவா வந்திருக்கு!"

சூர்யபிரகாஷின் காதுகள் இரண்டும் குங்குமமாகிவிட்டன. கீர்த்திகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். பிறகு, "பாயாசம் முடியப்போகுது, நான் போறன். கெதியா வாங்கோ ரெண்டு பேரும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

சாருஜா அவன் பக்கம் திரும்பினாள்.

"உண்மையோ?" என்றாள்.

"வேணும்னு எடுக்கலைங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டு நீங்க அந்த அப்பாவைப் பார்த்தீங்களே, அப்ப உங்க முகம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு கேமராவைப் பத்தின்னா ராத்திரி முழுக்கப் பேசுவேன்."

"இது கமெராவைப் பற்றின கதை இல்லையே."

"இல்ல." அவன் முதல் தடவையாக அவளுடைய கண்களுக்குள் நேராகப் பார்த்தான். "எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு, சாருஜா. ரொம்ப."

சாருஜாவின் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்ல மாட்டினம்."

"பின்ன எப்படி?"

"'எனக்கு உங்களில விருப்பம்.' அப்பிடித்தான்."

"எனக்கு உங்கள்ல..."

"உங்களில."

"எனக்கு உங்களில விருப்பம்." ஒவ்வொரு எழுத்தாகக் கவனமாகச் சொன்னான்.

அவள் மழையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"எனக்கும்தான்..."

"கேக்கலைங்க. மழை."

"கேட்டது. பொய் சொல்லாதேங்கோ."

"கேட்டுச்சு..." அவன் குரலில் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்திருந்தன. "இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு."

சாருஜா நிமிர்ந்து, மழையை விடச் சத்தமாகச் சொன்னாள்.